கற்பனை என்று எழுதுங்கள், அதையும் நடுவில் எழுதுங்கள்



புதுச்சேரிப் பள்ளி நாட்களின் மிச்சத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்றைக்கு ஒரு சண்டையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பாதிச் சண்டை என் நண்பரோடு. மீதிப் பாதி என்னோடேயே.

மூன்று வாரங்களுக்கு முன் காலை நடை முடிந்து பாலாற்றுப் பாலத்துப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நல்ல மனிதர், இலக்கணத்தில் புலி. கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாத்தீங்களா சார்? நாசா விட்டிருக்கான். குமரிக்கண்டம்! இனிமே எவனும் வாயத் தொறக்க முடியாது."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கன்னியாகுமரிக்குத் தெற்கே பழுப்பும் பச்சையுமாக ஒரு பெருநிலம். முதுகெலும்பு மாதிரி மலைத்தொடர், அதன் சரிவுகளில் நிழல், அடிவாரத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஆறுகள். வானத்திலிருந்து எடுத்த போட்டோ போலவே இருந்தது. கிழக்குப் பக்கம் ஓரிடத்தில் மூன்று ஆறுகள் ஒன்றாகச் சேர்ந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு டீ தொண்டையில் நின்றுவிட்டது.

அந்த மூன்று ஆறு சேரும் இடம் நம் திருமுக்கூடல். அதை அங்கே வைக்கச் சொன்னவன் நான். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், என் பேரனின் மடிக்கணினியில் பிறந்தது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மே மாதம் மகள் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். சென்னையில் கல்லூரியில் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து ஏதோ கணினி விளையாட்டு செய்கிறானாம். கதை நடக்கும் இடம் குமரிக்கண்டம். அதற்கு வரைபடம் வேண்டும். "நெசமான ஊர் மாதிரி இருக்கணும் தாத்தா. சின்னப் புள்ளைங்க வரையற மாதிரி முக்கோண முக்கோணமா மலை போடக்கூடாது" என்றான்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசு வேலையில் எழுத்தராகச் சேர்ந்து பெரும்பாலும் நிலப் பதிவேடுகளோடு காலம் தள்ளி, 2010 இல் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான இந்த வாலாஜாபாத்துக்கு வந்து சேர்ந்தேன். புதுச்சேரியில் இன்றைக்கும் பத்திரம் எழுதினால் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதாஸ்தர் எண்ணையும் சேர்த்து எழுதுவார்கள். அந்த எண்களோடும் புலப்படங்களோடும் முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவன் என்பதால் வரைபடம் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு. பேரன் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கணினியில் மலை எப்படிச் செய்கிறார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புரியக் கஷ்டமில்லை. பட்டுப் புடவைக்குப் புட்டா போட கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக டிசைன் எழுதுகிறார்கள் அல்லவா? ஒவ்வொரு கட்டமும் ஒரு இழைக்குக் கணக்கு. இதுவும் அதேதான். நிலம் முழுவதும் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்த எண்தான் அந்த இடத்தின் உயரம். கறுப்பு என்றால் பள்ளம், வெள்ளை என்றால் உச்சி, நடுவில் சாம்பல். வெறும் 256 படி மட்டும் வைத்தால் மலைச்சரிவு படிக்கட்டு மாதிரி தெரியும். அதனால் 65,536 படி வைத்துக்கொள்கிறார்கள். நம் தறியில் ஏறிய அட்டை போட்ட ஜக்கார்டு, 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரத்தில் பிறந்தது. கணினிக்குக் கட்டளை சொன்ன துளை அட்டையும் அந்த வழியில் வந்ததுதான். ஆகவே தறிக்கும் இதற்கும் தாயாதி உறவு உண்டு.

கட்டங்களுக்கு எண் யார் கொடுப்பது? கணினியே கொடுக்கிறது. தாறுமாறாகக் கொடுத்தால் மணல் கொட்டிய மாதிரி ஆகிவிடும். பெரிய மேடு, அதன்மேல் சின்ன மேடு, அதன்மேல் இன்னும் சின்னது என்று அடுக்கடுக்காகக் கொடுத்தால் மலை மாதிரியே ஆகிவிடுகிறது. கடற்கரையும் மலையும் எத்தனை கிட்டே போனாலும் அதே முரட்டுத்தனத்தோடு தெரிவதைக் கணக்காக எழுதியவர் மாண்டல்பிரோ. பாரிஸில் படித்தவர். அவருடைய புத்தகம் 1975 இல் பிரெஞ்சில்தான் முதலில் வந்தது. 1980களில் கென் பெர்லின் என்ற அமெரிக்கர் சினிமாவுக்காக இதே போன்ற ஒரு வித்தையைச் செய்தார். 1997 இல் அதற்கு ஆஸ்கர்காரர்களின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

பேரன் ஒரு பொத்தானை அமுக்கினான். மலை வந்தது. இன்னொரு தடவை அமுக்கினான். வேறு மலை வந்தது. எனக்குத் தாமஸ் மலை ஞாபகம் வந்தது. 1802 ஏப்ரலில் லாம்டன் அங்கேதான் தன் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நூறடிச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் போட்டு ஏழரை மைல் அளந்தார்கள். அரை டன் எடையுள்ள கருவியை மலைக்கு மலை தூக்கிக்கொண்டு போனார்கள். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு தெறித்து அந்தக் கருவி அடிபட்டுப் போனது. அதைப் பழுது பார்த்துத்தான் மேலே போனார்கள். அப்படி வாங்கிய உயரங்கள் அவை. இங்கே ஒரு பொத்தானுக்கு ஒரு இமயமலை!

ஆனால் பேரன் வரைந்த ஆறுகள் சகிக்கவில்லை. ஓர் ஆறு மலை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. ஓர் ஏரியிலிருந்து இரண்டு பக்கமும் ஆறு புறப்பட்டது. சமவெளியில் ஆறு மரக்கிளை மாதிரி பிரிந்துகொண்டே போனது. "டேய், ஆறு சேரும்டா, பிரியாது" என்றேன். காவிரி முக்கொம்பில் பிரிகிறதே என்று கேட்டான். கெட்டிக்காரன். அது கழிமுகம் தொடங்கும் இடம், வண்டல் சேர்ந்து தட்டையான நிலம், அங்கே பிரியும். மலையடியில் பிரியாது.

மறுநாள் பழைய சீவரம் மலைக்கு அழைத்துக்கொண்டு போனேன். தை மாதத்தில் காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு வருகிற அதே மலைதான். மேலே நின்று கீழே காட்டினேன். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். எதிரே திருமுக்கூடல் பெருமாள் கோயில், வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலசாலைக் கல்வெட்டு இருக்கிற கோயில். மே மாதம், ஆற்றில் மணல்தான், தண்ணீர் இல்லை. ஆனாலும் மூன்று தடமும் பளிச்சென்று தெரிந்தது. வரும்போது தென்னேரிப் பக்கம் போய்க் கரையைக் காட்டினேன். ஏரிக்குக் கரை தாழ்ந்த பக்கம் மட்டும்தான் இருக்கும், மேட்டுப் பக்கம் நிலமே கரை. இவ்வளவுதான் நீர்க்கணக்கு. நம் முன்னோர் நிலத்தின் சரிவைக் கண்ணால் படித்தவர்கள்.

பையன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திருத்தினான். வில்பர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் முதலில் தண்ணீர் வெளியேற வழியில்லாத குழிகளை நிரப்பச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் மழை பெய்ததாக வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட்டு, போகிற வழியை அறுக்கச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் பள்ளத்தாக்கு விழுகிறது, அடிவாரத்தில் மண் சேர்கிறது. லட்சம் வருட வேலை பத்து நிமிடத்தில்! பிறகு ப்ளெண்டர் என்ற இன்னொன்றில் ஏற்றி வெயில் அடித்தான், நிழல் விழுந்தது. மேற்குச் சரிவில் பச்சை, மழை மறைவுப் பக்கம் பழுப்பு. நாங்கள் இரண்டு பேரும் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். என் மனைவி வந்து "தாத்தாவும் பேரனும் எந்த ஊருக்குப் பட்டா போடறீங்க?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் பதினைந்து நாளும் எனக்குப் பெரிய சந்தோஷம். கற்பனை நிலத்தை ஒழுங்காக வரைய வேண்டுமானால் நிஜ நிலம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அந்தப் பையன் பாட்டில் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பற்றி யோசித்ததில்லை. அவன் பாலாற்று மணலில் இறங்கி நின்று "இது எங்கேருந்து தாத்தா வருது?" என்று கேட்டான். நந்தி மலையிலிருந்து வருகிறது என்றேன். ஆகவே இப்படிப் படம் வரைவதையே தப்பு என்று சொல்பவன் அல்ல நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வலது கீழ் மூலையில் சின்ன எழுத்தில் 'கற்பனை வரைபடம்' என்று எழுதித்தான் பேரன் நண்பர்களுக்கு அனுப்பினான். நடுவில் யாரோ அந்த மூலையை வெட்டிவிட்டார்கள். வேறு யாரோ மேலே 'நாசா' என்று சேர்த்துவிட்டார்கள். ஒரு வருடம் ஊரைச் சுற்றிவிட்டு அது என் டீ கிளாஸுக்கே திரும்பி வந்தது.

நண்பரிடம் அங்கேயே சொன்னேன். "ஐயா, இது என் பேரன் போட்டது. இந்த முக்கூடலை நான்தான் வைக்கச் சொன்னேன்." அவர் சிரித்தார். நம்பவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்து பழைய கோப்பைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சொன்னதுதான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது.

"இருந்தா என்ன சார்? அடியார்க்குநல்லார் சொன்னதுதானே? உங்க பேரன் அதுக்குப் படம் போட்டிருக்கான். உண்மைக்குப் படம் போட்டா அது பொய்யாயிடுமா? நூலக விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாச்சு."

எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. எதிரே வந்தால் பாலத்தின் அந்தப் பக்கம் போகிறார்.

அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

முதலில், அடியார்க்குநல்லார் சொன்னது வேறு, இந்தப் படம் சொல்வது வேறு. சிலப்பதிகார உரையில் அவர் சொல்வது பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே எழுநூறு காவதம், ஏழேழாக நாற்பத்தொன்பது நாடு என்பது. தெங்க நாடு, குன்ற நாடு, குறும்பனை நாடு என்று வகை சொல்கிறார். அவ்வளவுதான். எந்த மலை எவ்வளவு உயரம், எந்த ஆறு எங்கே வளைந்தது என்று அவர் சொல்லவில்லை. குமரி கண்டம் என்ற பெயர் வருவது நம் காஞ்சிபுரத்தில், குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில். அங்கே அது பாரதத்தின் ஒன்பது பிரிவுகளில் ஒன்று. கடல் விழுங்கியதாக அந்த இடத்தில் பேச்சே இல்லை. பக்கத்து ஊர்ப் புலவர் பாடியதை நாமே சரியாகப் படிக்காமல் அவர் பெயரில் கண்டம் செய்கிறோம்.

அடுத்து, இந்தக் கண்டத்தின் உருவம் எங்கிருந்து வந்தது? 1864 இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலார், லெமூர் என்னும் பிராணியின் இனம் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பதைப் பார்த்து, நடுவே ஒரு நிலம் இருந்திருக்கும் என்று யூகித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது 1960களில் நிலைபெற்ற பிறகு அந்த யூகத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஆனால் அதற்குள் 1904 இல் ஸ்காட்-எலியட் என்ற பிரம்மஞானி லெமூரியாவுக்கு இரண்டு வரைபடமே போட்டுப் புத்தகம் வெளியிட்டுவிட்டார். பிறகு நம்மவர்கள் தமிழ்ப் பெயர் வைத்துப் பல படங்கள் போட்டார்கள். இந்தப் படங்களின் கதையையே சுமதி ராமசாமி 2004 இல் ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகமாக எழுதியிருக்கிறார். தமிழில் படிக்க விரும்புகிறவர்களுக்கு நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் எழுதிய 'குமரி நிலநீட்சி' இருக்கிறது.

அந்தப் பழைய படங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவை கோட்டுப் படங்கள். பார்த்தவுடனே இது ஒருவருடைய கருத்து என்று தெரியும். கருத்தோடு நாம் வாதாடலாம். நானும் பேரனும் செய்தது அப்படியில்லை. சரிவில் நிழல் விழுந்து, பள்ளத்தாக்கில் வண்டல் சேர்ந்து, மழை மறைவுப் பக்கம் காய்ந்து கிடக்கிற படத்தோடு யார் வாதாடுவார்கள்? அதைக் கண் போட்டோ என்று எடுத்துக்கொள்கிறது. மூளை கேள்வி கேட்பதற்குள் கண் நம்பிவிடுகிறது. ஆறு முகட்டைத் தாண்டிய முதல் படம் ஊரைச் சுற்றியிருந்தால், அதைப் பார்த்து ஒரு விவசாயியாவது சிரித்திருப்பார். நான் ஆறுகளைத் திருத்தினேன், சிரிக்க வழியில்லாமல் செய்துவிட்டேன். இந்தப் பொய்யில் என் பங்கு அதுதான். தெரிந்த வித்தையைக் கொண்டுபோய் இல்லாத ஊருக்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது, கடலடி ஒன்றும் இருட்டு இல்லை. கடல் ஆழ அளவுகள் இன்று யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன. பேரனைவிட்டு இறக்கிப் பார்த்தேன். கன்னியாகுமரிக்குத் தெற்கே கொஞ்ச தூரம் ஆழமில்லாத திட்டு இருக்கிறது. மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வெட்ஜ் பேங்க். 1976 இல் இலங்கையோடு செய்துகொண்ட உடன்பாட்டில் நம் பக்கம் வந்த மீன்பிடித் திட்டு அது. அதைத் தாண்டினால் சடாரென்று ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். 20,000 வருடத்துக்கு முன்பு, பனியுகத்தின் உச்சக் காலத்தில், கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தத் திட்டு தரையாக இருந்திருக்கும். இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு கடல் ஏறியது. அதாவது கடல் கொண்ட நிலம் என்பது வெறும் பேச்சில்லை, நிஜமாகவே உண்டு. எங்கே, எவ்வளவு என்று அளந்து வரையவும் முடியும். நிஜமாக மூழ்கியதை வரைய ஆளில்லை, மூழ்காததற்கு மலை மலையாக வரைகிறோம். எனக்கு வயிற்றெரிச்சலே இதில்தான்.

மொரீஷியஸ் கடற்கரை மணலில் பழைய கண்டத்தின் துகள் கிடைத்ததாக 2013 இல் வந்த செய்தியை நண்பர் எனக்கு முன்பே அனுப்பியிருந்தார். செய்தி சரிதான். ஆனால் அது உடைந்து மறைந்தது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால். அப்போது சங்கம் வைக்க மனிதனே இல்லை.

நண்பர் பக்கத்து வாதங்களையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். "நிஜ வரைபடம் மட்டும் நிஜமா? அதிலும் நிறம், நிழல் எல்லாம் மனுஷன் போட்டதுதானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அட்லஸில் மலைக்கு எப்போதும் வடமேற்கிலிருந்து வெளிச்சம் விழும். எந்தச் சூரியனும் அந்த மூலையில் நாள் முழுக்க நிற்காது. வெளிச்சத்தைக் கீழேயிருந்து அடித்தால் நம் கண்ணுக்கு மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தெரியும் என்பதால் வைத்துக்கொண்ட வழக்கம் அது. உயரத்தைக்கூடப் பல மடங்கு ஏற்றித்தான் காட்டுவார்கள். இல்லாவிட்டால் நம் காஞ்சிபுரம் மாவட்டம் தோசைக்கல் மாதிரி தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம். நல்ல வரைபடம் தான் செய்த தந்திரத்தைத் தானே சொல்லிவிடும்.

எங்கள் பூகோள ஆசிரியர், பிரெஞ்சுக்காரர், கரும்பலகைக்குப் பக்கத்தில் விதால் தெ லா பிளாஷின் பெரிய சுவர் வரைபடத்தை மாட்டிவிட்டுத்தான் பாடம் எடுப்பார். எங்களைப் படம் வரையச் சொல்வார். தலைப்பு, திசை, குறிவிளக்கம், அளவுகோல் இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் படத்தைப் பார்க்காமலேயே சைபர் போடுவார். "படம் அழகாக இருக்கிறதே, முசியே" என்று ஒருவன் சொன்னான். "அழகாக இருப்பதால்தான் கேட்கிறேன்" என்றார். அப்போது புரியவில்லை. எழுபது வயதுக்கு மேல் இப்போது புரிகிறது.

அதே பள்ளியில்தான் ழூல் வெர்னின் 'மர்மத் தீவு' படித்தேன். அதில் லிங்கன் தீவுக்கு வரைபடம் உண்டு, அட்சரேகை தீர்க்கரேகை கூட உண்டு. கதை முடிவில் எரிமலை வெடித்துத் தீவு கடலுக்குள் போய்விடும். எந்தப் பிரெஞ்சுக்காரரும் அது தங்கள் பாட்டன் பூமி என்று சொல்லிக் கொடி பிடித்ததாக நான் கேட்டதில்லை. காரணம், படம் கதைப் புத்தகத்துக்குள் தைக்கப்பட்டிருந்தது. நம் மால்குடிக்கும்கூட ஒரு பேராசிரியர் வரைபடம் போட்டார். அதை வைத்துக்கொண்டு யாரும் ரயில் டிக்கெட் கேட்கவில்லை. கைப்பேசியில் வருகிற படத்துக்கு அட்டையும் இல்லை, தையலும் இல்லை. தனித்தாளாக ஊரைச் சுற்றுகிறது. அதனால்தான் அதற்குச் சான்றிதழ் அதன் உடம்பிலேயே இருக்க வேண்டும்.

இது நம் ஊருக்குப் புதிதா என்ன? ஆஃப் ஃபைன் ஜரிகை போட்டுப் புடவை நெய்வது குற்றமில்லை. எல்லோராலும் அசல் ஜரிகை வாங்க முடியுமா? கல்யாணத்துக்கு வருகிற பத்துப் பேருக்கு எடுத்துக் கொடுக்க அதுவும் வேண்டும். ஆனால் அதை அசல் என்று சொல்லி விற்றால் அது திருட்டு. அந்தத் திருட்டில் ஏமாறுவது வாங்கியவர் மட்டுமில்லை. உண்மையான வெள்ளி ஜரிகை போட்டு நெய்தவரின் புடவையையும் அடுத்த தடவை யாரும் நம்ப மாட்டார்கள். உரைத்துப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்பார்கள்.

நண்பரே, நான் சொல்ல வருவது இதுதான். கீழடியில் மண்ணைத் தோண்டிக் கரியை ஆய்வுக்கு அனுப்பி, கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019 இல் சொன்னார்கள். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லுக்கு 3,200 வருடம் என்று 2021 இல் சொன்னார்கள். அதெல்லாம் அசல் ஜரிகை. வெயிலில் குழிக்குள் உட்கார்ந்து தூரிகையால் மண்ணைத் தள்ளியவர்களின் உழைப்பு. அந்தப் படங்களையும் எங்கள் மேஜையில் செய்த மலையையும் ஒரே ஃபிளெக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் அடிக்கிறீர்களே! நாளைக்கு ஒருவன் வந்து இந்த மலை ஒரு பையன் கணினியில் போட்டது என்று நிரூபித்தால் (நிரூபிக்கக் கோப்பு என்னிடமே இருக்கிறது), அவன் பக்கத்திலிருக்கும் நெல்லையும் பார்த்துச் சிரிப்பான். தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து, தமிழின் சாட்சியை நாமே கெடுக்கிறோம்.

விழா நடந்தது. நானும் போனேன். ஃபிளெக்ஸ் வாசலிலேயே இருந்தது. ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற ஒரு பெண் அந்த மூன்று ஆறு சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, இந்த எடம் இப்போ தண்ணிக்குள்ள எங்க இருக்கு?" என்று கேட்டாள். "இது தண்ணிக்குள்ள இல்லம்மா, பழைய சீவரத்துக்குப் பக்கத்துல இருக்கு, பஸ்ஸுல போலாம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கிழவன் உளறுகிறான் என்று நினைத்திருப்பாள். என்னாலும் வாசலில் நின்று விளக்க முடியவில்லை.

ஆகவே இப்படிப் படம் செய்கிற பிள்ளைகளுக்கும் அவர்களுக்கு யோசனை சொல்கிற என்னைப் போன்ற கிழவர்களுக்கும் மூன்று வார்த்தை.

கற்பனை என்று எழுதுங்கள். மூலையில் எழுதாதீர்கள், மூலையை வெட்டிவிடுவார்கள். நடு நிலத்தில், மலையின் மேலேயே, மலையின் பெயரை எழுதுகிற அதே எழுத்தில் எழுதுங்கள். வெட்டினால் படமே கிழிய வேண்டும். உங்கள் பெயரும் வருடமும் அதன் கீழே இருக்கட்டும். "அசிங்கமா இருக்கும் தாத்தா" என்றான் பேரன். இருக்கட்டும். பத்திரத்தில் முத்திரையும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, அளந்த இடத்தையும் நினைத்த இடத்தையும் ஒரே தூரிகையால் வரையாதீர்கள். கதாஸ்தர் படத்தில் அளந்த எல்லைக்கு ஒரு கோடு, தகராறில் இருக்கும் எல்லைக்கு வேறு கோடு போட்டுத்தான் எனக்குப் பழக்கம்.

மூன்றாவது, மற்றவர்களுக்கு. யார் போட்டது, எந்த வருடம், எதை வைத்து என்று தெரியாத படத்தை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். பெயரில்லாத மனுவை எந்த ஆபீஸிலும் எடுக்க மாட்டோம். படத்துக்கு மட்டும் ஏன் சலுகை?

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்திருந்தான். இரண்டு பேரும் படத்தைத் திரும்பச் செய்தோம். 120 மீட்டர் ஆழக் கோடு வரைக்கும் நிஜக் கடலடி அளவுகளை வைத்து நிழல் போட்டோம். வெட்ஜ் பேங்க் மேடு மேடாக எழுந்து வந்தது. அழகாக இருந்தது, யாரும் இட்டுக்கட்டாத அழகு. அந்தக் கோட்டைத் தாண்டியதும் நிழலை நிறுத்திவிட்டு, நான் பள்ளியில் கற்ற மாதிரி பேனாவால் சின்னச் சின்னக் கோடாக மலை போட்டேன். கை நடுங்கியது, கோடு கோணிப் போயிற்று. பேரன் அதை அப்படியே ஸ்கேன் செய்து ஒட்டினான். நடுவில் பெரிதாகக் 'கற்பனை' என்று இருக்கிறது. திருமுக்கூடலை எடுத்துவிட்டேன். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஒரு பிரதி பிரிண்ட் எடுத்து நண்பர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மனைவிதான் வாங்கிக்கொண்டார். இதுவரை பதில் இல்லை. இதைப் படிப்பார் என்று தெரியும், எல்லாப் பதிவையும் படிக்கிறவர்தான். சந்திப்பிழை இருந்தால் குறித்து வையுங்கள், ஐயா. நாளைக் காலை ஆறு மணிக்கு அதே டீக்கடையில்தான் இருப்பேன்.